பைல் மேல உக்கார்ற வட்டத் தொட்டிக்கு எந்தத் தரை? மணலி பக்கத்துத் தொட்டி ஒண்ணுக்கு நாலு வழிய வச்சுப் பார்த்தது

மணலி தாண்டி கொசஸ்தலை ஆறு போற பக்கம் ஒரு தொழிற்சாலைக்குள்ள தண்ணித் தொட்டி ஒண்ணு டிசைன் பண்ண வந்துச்சு. வட்டத் தொட்டி, உள் விட்டம் 20 மீட்டர், 5 மீட்டர் தண்ணி நிக்கணும், கணக்குப் போட்டா 15.7 லட்சம் லிட்டர். சுவர் 300 மிமீ, மேல கான்கிரீட் கூரை கிடையாது, லேசான மூடிதான். சுவரப் பத்தி யாருக்கும் பெரிய சந்தேகம் இல்ல, தண்ணித் தொட்டிக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 3370-ஓட நாலாம் பாகத்துல டேபிள் இருக்கு, எடுத்துப் போட்டா ஓடிடும். தரைதான் பேச்சு. பைல் (மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற கான்கிரீட் தூண்) மேல உக்கார்ற தரைய எப்படிப் போடுறதுன்னு ஆபீஸ்ல ரெண்டு வாரம் ஓடுச்சு, ஓனர் தரப்புல "எது சீப்போ அதப் போடுங்க"ன்னுட்டாங்க, சைட்ல மேஸ்திரி "எது சேத்துல இறங்காம முடியுமோ அது"ன்னார். நான் நாலு வழியையும் முழுசா கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே மாதிரி வேலை கையில வச்சிருக்கற யாருக்காவது உதவும்னு எழுதுறேன், கணக்கெல்லாம் கையால போட்ட ரஃப் கணக்கு, ஆனா முடிவு எடுக்க இது போதும்.

முதல்ல மண்ணப் பத்தி. வடசென்னைல வேலை பார்த்தவங்களுக்கு சொல்லவே வேணாம், மேல ஒண்ணரை மீட்டர் யாரோ எப்பவோ கொட்டின ஃபில்லிங், அதுக்குக் கீழ கருப்புக் களி, கிளிஞ்சல் கலந்து நாறும், போர் லாக்ல (துளை போட்டு எடுத்த மண் ரிப்போர்ட்) என் வேல்யூ 2, 3-ன்னு வரும், அதாவது ரொம்ப இளகின மண், அது எட்டு ஒம்போது மீட்டர் வரைக்கும் போய் அப்புறம்தான் மணல், இன்னும் கீழ இறுகின களி. தண்ணி மட்டம் வெயில் காலத்துலயே ஒரு மீட்டருக்குள்ள, மழைக்கு மேலயே வந்துடும். தண்ணியும் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர்ல கடல் ஏறினது பல வருஷக் கதை, ஓடைக்குப் பக்கத்துல இருக்கற நிலத்துலயும் நல்ல தண்ணிய எதிர்பார்க்க முடியாது. அதனால பைல் வேணுமா வேணாமாங்கற கேள்வியே இல்ல. 500 மிமீ போர்டு பைல் (துளை போட்டு உள்ள கான்கிரீட் ஊத்தறது), 18 மீட்டர் ஆழம், சேஃப் லோடு 60 டன்னு வச்சுக்கிட்டோம். அந்த 60-லயே ஒரு கழிவு இருக்கு, கவனிங்க: புதுசா ஃபில் பண்ணின மண்ணோட பாரத்துல கருப்புக் களி மெதுவா அமுங்கும், அமுங்கும்போது பைலையும் சேர்த்துக் கீழ இழுக்கும், அந்த இழுப்ப கழிக்காம போர் லாக்ல வர்ற முழு எண்ணையும் எடுத்துக்கிட்டா அது இல்லாத காச செலவு பண்ற மாதிரி.

இனிமே இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வர்ற விஷயம் ஒண்ணு. சாதாரண கட்டடத்துல பைல் மேல ஸ்லாப் போட்டா பைல் தலைக்கு மேல ஸ்லாபோட மேல் முகம் இழுவிசைல இருக்கும், வெடிச்சா மேல் முகம்தான் வெடிக்கும். கட்டடத்துல அது பரவாயில்ல, மேல டைல்ஸ் போட்டுடுவோம். தொட்டில அந்த மேல் முகத்துலதான் தண்ணி நிக்குது. 45 பைல் இருந்தா 45 இடத்துல, தண்ணி படுற முகத்துலயே விரிசலுக்கு நாமளே வாசல் திறந்து வைக்கிறோம். கீழ்ப்பக்கம் மண்ணுக்குள்ள, கசிஞ்சா யாரும் பார்க்க முடியாது. அதனால எந்த வழி நல்லதுன்னு கேட்டா, எவ்வளவு கான்கிரீட் மிச்சம்னு பார்க்கறதுக்கு முன்னாடி பைல் தலை மேல விரிசல் வருமா, தரை சுருங்கும்போது எதாவது அதப் புடிச்சு இழுக்குமா, இந்த ரெண்டையும் பார்க்கணும். இது என் கருத்து, இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பைல் எத்தன, எப்படி வைக்கிறது? எல்லா வழிக்கும் இது பொது. 450 மிமீ தரைன்னு வச்சா தண்ணி 1571 டன், தரை சுமார் 397 டன், சுவர் 263 டன், மொத்தம் 2230 டன் சொச்சம். 60-ஆல வகுத்தா 37. அழகா நடுவுல 1, அடுத்த வளையம் 6, அடுத்தது 12, சுவருக்குக் கீழ 18, கூட்டினா சரியா 37. பார்க்க கோலம் மாதிரி இருக்கும். நானும் முதல்ல அப்படித்தான் வரைஞ்சேன். ஆனா ஒவ்வொரு வளையமும் எவ்வளவு பரப்பத் தாங்குதுன்னு தனித்தனியா எடுத்தா, 3.3 மீட்டர் ஆரத்துல இருக்கற 6 பைலும் ஆளுக்கு 11.4 சதுர மீட்டர் சுமக்குது, சதுர மீட்டருக்கு 6.1 டன், அப்போ 70 டன். சுவருக்குக் கீழ இருக்கறது 49 டன்தான். சராசரி சரியா வந்து உள்வளையம் தோத்துப்போகுது. சுவர் கனமா இருக்கும்னு எல்லாரும் வெளி வளையத்துல பைல நெருக்கி வைக்கிறாங்க, 5 மீட்டர் தண்ணிக்கு சுவர விட தண்ணிதான் கனம். அதனால 1, 8, 16, 20-ன்னு மாத்தினேன், மொத்தம் 45. நடுவுலயும் முதல் வளையத்துலயும் 52 டன், ரெண்டாவதுல 55, சுவருக்குக் கீழ 44. வெளில கொஞ்சம் மிச்சம் வச்சது வேணும்னேதான், நிலநடுக்கம் வந்தா தண்ணி ஆடி ஒரு பக்கமா சாயும், அந்தக் கூடுதல் பாரம் வெளி வளையத்துக்குத்தான் போகும், நிலநடுக்கத்துக்கான தரவிதி ஐஎஸ் 1893-ஓட 2016 பதிப்புப்படி நம்ம ஊரு சோன் 3. பைலுக்கு நடுவுல இடைவெளி குறைஞ்சபட்சம் 2.6 மீட்டர், விட்டத்தோட மூணு மடங்கு 1.5 மீட்டர்தான், அதுல பிரச்னை இல்ல.

வளையமா வைக்கறதா, சதுரக் கட்டமா வைக்கறதான்னு ஒரு சண்ட உண்டு. 20 மீட்டருக்கு வளையம். 40 மீட்டர் தாண்டினா உள்ள சதுரக் கட்டமும் சுவருக்குக் கீழ மட்டும் ஒரு வளையமும் வச்சா மார்க்கிங் சுலபம், கம்பியும் சுலபம். அவ்வளவுதான் அதுல.

சரி, நாலு வழி. ஒண்ணு, ஒரே தடிமன்ல தட்டையான ஸ்லாப், பைல் நேரா அதுக்குள்ள போகும், பீம் கிடையாது ஒண்ணும் கிடையாது. ரெண்டு, பைல் தலைகள இணைச்சு வளைய பீம், ஆர பீம், அதுக்கு மேல மெல்லிசா ஸ்லாப். மூணு, மெல்லிசு ஸ்லாப், ஆனா ஒவ்வொரு பைலுக்கு மேலயும் கீழ்ப்பக்கமா தடிச்ச கேப். நாலு, தரையையும் பைலையும் பிரிச்சுடறது, பைல் மேல சின்னச் சின்ன கேப், அதுக்கு மேல ஜியோகிரிட் (பிளாஸ்டிக் வலை) விரிச்சு ஜல்லி மெத்தை, அதுமேல மெல்லிசான தரை, சுவர் மட்டும் தனி வளைய ஃபவுண்டேஷன்ல.

நாலாவத முதல்லயே பேசிட்டு ஓரமா வைக்கிறேன். பெட்ரோல் டீசல் டாங்க் எல்லாம் மணலிலயும் தண்டையார்பேட்டைலயும் மணல் மெத்தை மேல உக்காந்திருக்கே, நமக்கு மட்டும் ஏன் கூடாதுன்னு ஓனர் பக்கத்து இன்ஜினியர் கேட்டார். நியாயமான கேள்வி. அது இரும்புத் தகடு, அடில கொஞ்சம் அமுங்கினாலும் தகடு வளைஞ்சு கூடவே போயிடும். கான்கிரீட் அப்படி வளையாது. சுவர் பைல் மேல அசையாம நிக்கும், தரை மெத்தையோட சேர்ந்து அமுங்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பிவிசி வாட்டர் ஸ்டாப்தான் (ஜாயின்ட்ல தண்ணி கசியாம புதைக்கற பட்டை) அத்தன இழுப்பையும் வாங்கணும். இன்னொண்ணு, தரையும் சுவரும் தனித்தனியா இருந்தா சுவரோட அடி வெளிப்பக்கம் தள்ளுறத தாங்க ஆள் கிடையாது. நம்ம தொட்டிக்கு சுவரடி பிடிச்சிருக்கற நிலைல மீட்டருக்கு 59 கிலோ நியூட்டன் தள்ளுது, அத வளைய ஃபவுண்டேஷன் மட்டும் தாங்கினா 590 கிலோ நியூட்டன் வளைய இழுவிசை, கம்பில சதுர மிமீக்கு 130 நியூட்டன்னு வச்சுப் போட்டா 4500 சதுர மிமீக்கு மேல கம்பி அந்த வளையத்துக்குள்ள. அதே தள்ளல் முழுத் தரையோட சேர்ந்திருந்தா 450 மிமீ ஸ்லாபுக்கு சதுர மிமீக்கு 0.13 நியூட்டன்தான், ஒண்ணுமே இல்ல. ஐம்பது மீட்டர் விட்டம், கீழ நல்ல மணல், காட்டுப்பள்ளி கரையோரம் சில இடத்துல கிடைக்கற மாதிரின்னா யோசிக்கலாம். கருப்புக் களி மேல வேணாம்.

பைலும் மண்ணும் பாதிப் பாதி பாரம் தாங்கும்னு சொல்ற பைல்டு ராஃப்ட் கணக்கையும் இங்கயே சேர்த்து வச்சுடுறேன். ஃபில் அமுங்கி களி இறங்கினா ரெண்டு மூணு வருஷத்துல தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல கை விடற அளவு இடைவெளி வந்துடும், அப்புறம் யார் பாதி தாங்கறது? மண்ண பூஜ்யம்னு வச்சுத்தான் நான் கணக்கு போட்டேன்.

இப்ப பீம் ஸ்லாப். நான் படிச்ச காலத்துல வாத்தியார் சொல்லிக் குடுத்தது இதுதான், பழைய டிராயிங் எடுத்தா பாதிக்கு மேல இதுதான் இருக்கும், அதனால இதுக்கு ஒரு மரியாதை உண்டு. பாரம் எப்படிப் போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், கைல கணக்கு போட்டுடலாம். ஸ்லாப் 250 போதும்னு வரைஞ்சேன். ஐஎஸ் 3370 ரெண்டாம் பாகத்துல வொர்க்கிங் ஸ்ட்ரெஸ் முறைக்கு எம் 30 (30 நியூட்டன் வலுவுள்ள) கான்கிரீட்ல வளைவுல வர்ற இழுவிசை சதுர மிமீக்கு 2.0 நியூட்டன் தாண்டக் கூடாது, அதுக்குள்ள இருந்தா கான்கிரீட் வெடிக்காம நிக்கும்னு அர்த்தம். 250 ஸ்லாப்ல பீம் ஓரத்துல 2.5 வந்துச்சு. 300 ஆக்கினா 1.8, சரி. 300 ஆக்கினதுமே இந்த வழியோட லாபம் பாதி போச்சு. ஸ்லாப் 106 கன மீட்டர், பீம் எல்லாம் கூட்டினா ஒரு 30, மொத்தம் 136. தட்டை ஸ்லாப் 450-க்கு 159. மிச்சம் 23 கன மீட்டர், நாலு லோடு ரெடிமிக்ஸ். அந்த நாலு லோடுக்காக 240 மீட்டர் நீளத்துக்கு சேத்துக்குள்ள பள்ளம் வெட்டி, ரெண்டு பக்கமும் செங்கல்லோ ஷட்டரோ நிறுத்தி, வளைவுக்கு வளைவு ஷட்டர் அடிச்சு, ராத்திரி பகலா வெல்பாயின்ட் (நிலத்தடித் தண்ணிய இறைக்கற பம்ப்) ஓட்டணும்.

இதுல இன்னொரு சங்கடம் டிராயிங்ல தெரியாது, சைட்லதான் தெரியும். பைல் வரைஞ்ச இடத்துல வராது. டிரைபாட் வச்சு டிஎம்சில (சேத்துத் தண்ணிய சுத்த விட்டுத் துளை போடற முறை) போடுறப்ப மேல ஃபில்லுக்குள்ள பழைய கான்கிரீட் துண்டு கிடந்தா போரிங் ஓடிடும், ஒரு ஜான் நகர்ந்து போறது நம்ம பக்கம் அபூர்வம் இல்ல. இதுக்கு முன்னாடி நான் பார்த்த ஒரு வேலைல, பேரு வேணாம், பீம் 350 அகலம், பைல் 120 மிமீ விலகிப் போயிடுச்சு, ஒரு பைல் இல்ல, ஏழு பைல். பீமுக்கு நடுவுல பைல் இல்லன்னா பீம் முறுக்கும், அந்த முறுக்கலுக்கு கம்பி கிடையாது, கடைசில ஏழு இடத்துலயும் பீம அகலப்படுத்தி டிராயிங் மாத்தி, ஒரு மாசம் போச்சு, எல்லாரும் எல்லார் மேலயும் கோவம். தட்டை ஸ்லாப்ல பைல் அதே அளவு நகர்ந்தா மாடல்ல அந்தப் புள்ளிய நகர்த்தி ஒரு தடவ ஓட்டிப் பார்த்து ரெண்டு கம்பி கூட்டினா முடிஞ்சது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஸ்லாப் இருக்கே.

கேப் வச்ச ஸ்லாப் பத்தி நேர்மையா சொல்லணும், காகிதத்துல இதுதான் ஜெயிக்குது. ஸ்லாப் 300, ஒவ்வொரு பைல் மேலயும் 1.2 மீட்டர் சதுரத்துக்கு இன்னும் 250 கீழ இறங்கும். மொத்த கான்கிரீட் 122 கன மீட்டர்தான், தட்டைய விட 37 குறைவு. பைல் தலைல தடிமன் 550, பஞ்சிங் (பைல் ஸ்லாபக் குத்தித் துளைக்கறது) பிரச்னையே இல்ல, மேல் முகத்து விரிசலும் கட்டுக்குள்ள. நடு ஸ்பான்ல 300 தாராளம். ஒரு ராத்திரி முழுக்க இதத்தான் ஃபைனல் பண்ணிடலாம்னு நினைச்சேன். ஆனா 45 குழி. தண்ணி மட்டத்துக்குக் கீழ, கொழகொழன்னு இருக்கற ஃபில்லுக்குள்ள, ஒவ்வொரு குழிக்கும் பக்கச் சரிவு நிக்கணும். காலைல வெட்டின குழி மதியம் மூடியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 2.6 மீட்டர்தான் பைல் இடைவெளி, அதுல 1.2 மீட்டர் குழியும் அதோட சரிவும் போனா நடுவுல நிக்கற மண்ணே மிச்சம் இருக்காது, அப்படி மொத்தமா தோண்டிட்டு திருப்பி ஜல்லி நிரப்பினா அந்த 37 கன மீட்டர் மிச்சம் எங்க போச்சுன்னு தெரியாது. கேப்ப மேல் பக்கமா, தொட்டிக்குள்ள தூக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டார், போடலாம், ஆனா அடில வண்டல் தேங்கும், கழுவ முடியாது, 45 மேடு வச்ச தரைல துடைப்பம் ஓடாது.

இதுக்கெல்லாம் மேல சுருக்கம். எனக்கு இதுதான் முடிவ எடுத்துக் குடுத்த விஷயம். கான்கிரீட் போட்ட ரெண்டாம் நாள் உள்ள சூடு ஏறி நிக்கும், அப்புறம் ஆறும், 30 டிகிரி இறங்குதுன்னு வச்சா 10 மீட்டர் ஆரத்துக்கு 3 மிமீ உள்ள இழுத்துக்கும். காயற சுருக்கம் கான்கிரீட் தரவிதி ஐஎஸ் 456 சொல்ற 0.0003-ன்னு எடுத்தா இன்னொரு 3 மிமீ, அது மெதுவா வரும், தொட்டில தண்ணி நின்னுட்டா அவ்வளவு வராது. தரை அப்படி உள்ள நகர விட்டா ஒண்ணும் ஆகாது. எதாவது புடிச்சு நிறுத்தினா வெடிக்கும், அதுவும் தடிமன் முழுக்க ஊடுருவி வெடிக்கும், வளைவு விரிசல் மாதிரி மேலோட நிக்காது. தட்டை ஸ்லாபுக்குக் கீழ 100 மிமீ பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) மழமழன்னு மட்டம் பண்ணி ரெண்டு மடிப்பு பாலிதீன் ஷீட் விரிச்சா தரை வழுக்கிட்டுப் போகும், பைல் மட்டும்தான் புடிக்கும். அந்தப் பைலும் மேல எட்டு மீட்டர் கருப்புக் களிக்குள்ள நிக்குது, 3 மிமீ இழுத்தா வளைஞ்சு குடுத்துடும். நம்மள படுத்தி எடுக்கற அதே களி இந்த ஒரு இடத்துல நமக்கு நல்லது செய்யுது. ஆனா பீமும் கேப்பும் வச்ச தரை? அடில 240 மீட்டர் பீம், இல்லன்னா 45 பல், எல்லாம் மண்ணக் கவ்விப் பிடிச்சுட்டு நிக்கும். வழுக்க வழியே இல்ல. பீம் ஸ்லாப் தொட்டிகள்ல ஆர பீமுக்குப் பக்கத்துலயே கோடு போட்ட மாதிரி விரிசல் நான் பார்த்திருக்கேன், டிசைன்ல கம்பி குறையல, கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

அதனால தட்டை ஸ்லாப். தடிமன் எவ்வளவு? 300 வச்சுப் பார்த்தேன், பைல் தலைல பஞ்சிங் 1.45 தாண்டுது, எம் 30-க்கு ஐஎஸ் 456 விடறது 1.37, அப்பவே அவுட். 350-க்கு 1.15, பஞ்சிங் பாஸ், ஆனா மேல் முக இழுவிசை 2.2, 2.0-வ தாண்டுது. பலத்துக்குப் போதும், தண்ணிக்குப் போதாது. 400-ல 1.7. 450-ல 1.4, பஞ்சிங் 0.8. நான் 450 எடுத்தேன், 400 தாராளமா போதுமேன்னு கேக்கலாம், பைல் நகர்றதுக்கு, ஒரு பைல் மத்தத விட கொஞ்சம் கூட அமுங்கறதுக்கு, சைட்ல மேல் கம்பி மிதிபட்டு கீழ இறங்கறதுக்கு அந்த 50 மிமீ. ஆள் நடக்காத மேல் கம்பி நான் பார்த்ததே இல்ல, அதனால மேல் கம்பியத் தாங்கற சேர் கம்பி மீட்டருக்கு ஒண்ணுன்னு டிராயிங்லயே எழுதிட்டேன்.

காலித் தொட்டியையும் பார்த்தே ஆகணும். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்தவங்ககிட்ட வெள்ள மட்டத்தப் பத்தி வாதாட வேண்டியதில்ல. தரையோட அடி வெள்ள மட்டத்துக்கு ஒண்ணரை மீட்டர் கீழ இருந்தா சதுர மீட்டருக்கு 1.5 டன் மேல தள்ளும், மொத்தம் 530 டன். தரையும் சுவரும் சேர்ந்து 660. வகுத்தா 1.25, நாம வழக்கமா கேக்கற 1.2-வ தாண்டிடுச்சு, பாஸ்னு கையெழுத்து போட்டுடுவாங்க. போடாதீங்க. சுவரோட 263 டன் ஓரத்துல நிக்குது, நடுத்தரைக்கு அது தெரியவே தெரியாது. நடுவுல தள்ளறது 1.5, தரையோட எடை 1.125, மிச்சம் 0.375 டன், நடு பைல் ஒவ்வொண்ணும் மூணு டன் சொச்சம் இழுவிசைல நிக்கும். சின்ன எண்தான், ஆனா பைல் கம்பி ஸ்லாபுக்குள்ள முழு நீளம் போகலன்னா அந்த மூணு டன்னுக்கே பைல் தலை பிரியும். கட்-ஆஃப் லெவல்ல (பைல் முடியவேண்டிய மட்டம்) பைலத் தட்டும்போது கம்பியையும் சேர்த்து அறுத்துட்டு அப்புறம் ட்ரில் பண்ணி ஒட்டறேன்னு சொல்ற கான்ட்ராக்டர் உண்டு, விடாதீங்க. 250, 300 மிமீ தரைக்கு இந்த இழுவிசை இன்னும் கூடும், கான்கிரீட் மிச்சம் பண்ணினதோட விலை இங்க வந்து நிக்கும்.

கம்பி. மேல் முகத்துல பைல் தலைக்கு மேல மீட்டருக்கு 47 கிலோ நியூட்டன் மீட்டர் சொச்சம் வளைவு மொமென்ட் வருது, கம்பில 130 வச்சா 1065 சதுர மிமீ. 16 மிமீய 175-ல போட்டாலும் வரும், 12 மிமீய 100-ல போட்டாலும் வரும். நான் 12. சின்னக் கம்பி நெருக்கமா இருந்தா விரிசல் பல மயிரிழையா பிரிஞ்சு போகும், பெரிய கம்பி தூரத்துல இருந்தா ஒரே விரிசலா வாய் திறக்கும், 0.2 மிமீக்குள்ள நிக்கணும்னா இதுதான் வழி. கம்பி கட்டறவங்க முணுமுணுப்பாங்க, கான்கிரீட் இறங்காதும்பாங்க, 20 மிமீ ஜல்லிக்கு 100 இடைவெளி தாராளம். வட்டத் தொட்டின்னு கம்பியையும் வட்டமும் ஆரமுமா போட்டா நடுவுல எல்லாம் ஒண்ணா வந்து முடிச்சு விழும், வேணாம், ரெண்டு திசைலயும் நேர்க்கம்பி வலை, ஓரத்துல மட்டும் வளையக் கம்பியும் ஆரக் கம்பியும். சுவரடில 33 கிலோ நியூட்டன் மீட்டர் உள்முகம் இழுக்கற மாதிரி வரும், அது மூலைய விரிச்சு ஸ்லாபோட மேல் முகத்துக்குள்ள போகும், அதனால சுவரோட உள் கம்பியும் ஸ்லாபோட மேல் கம்பியும் சேர்ந்து அந்த மூலைய கட்டணும், அங்கதான் முதல்ல ஈரம் தெரியும்.

ஸ்டாட் சாஃப்ட்வேர்ல மாடல் பண்றவங்களுக்கு ஒண்ணு. பைல அசையாத சப்போர்ட்டா வைக்காதீங்க, ஸ்ப்ரிங் வைங்க. 60 டன்னுக்கு 6 மிமீ இறங்குதுன்னா மீட்டருக்கு ஒரு லட்சம் கிலோ நியூட்டன், அதப் பாதியாவும் ரெண்டு மடங்காவும் வச்சு மூணு தடவ ஓட்டுங்க. மொத்தமா பாரம் ஏறினா நடு பைல்கள் ஓரத்த விட அதிகம் இறங்கும், தரை தட்டு மாதிரி குழியும், அசையாத சப்போர்ட் அத மறைச்சுடும். பைல் புள்ளில வர்ற உச்ச மொமென்ட்ட அப்படியே எடுத்து கம்பி போட்டா நாலு மடங்கு கம்பி வரும், அது புள்ளித் தாங்கலோட கோளாறு, பைல் முகத்துல எடுத்து கொஞ்ச அகலத்துக்கு சராசரி பண்ணுங்க.

உப்புக்கு என்ன பண்றோம்னா ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) கலந்த சிமென்ட். சல்ஃபேட் ரெசிஸ்டிங் போடலாம்னு ஒரு ஆலோசனை வந்துச்சு, சல்ஃபேட் மட்டும்னா சரி, இங்க குளோரைடும் இருக்கு, அந்த சிமென்ட்ல குளோரைடப் பிடிச்சு வைக்கற சேர்மம் குறைவு, கம்பி சீக்கிரம் துரு ஏறும். கவர் (கம்பிக்கு வெளில நிக்கற கான்கிரீட்) மேல 50 மிமீ, அடில 75.

கடைசியா கான்கிரீட் ஊத்தற நாள். தட்டை ஸ்லாபுக்கு எதிரா சொல்லக்கூடிய ஒரே நியாயமான விஷயம் இதுதான்: 159 கன மீட்டர், 27 லோடு, நடுவுல நிக்காம ஒரே மூச்சுல. பகல்ல எண்ணூர் விரைவுச் சாலைலயும் மணலி ரோட்லயும் கன்டெய்னர் லாரி க்யூ நின்னா மிக்சர் வண்டி ஒன்றரை மணி நேரம் அசையாது, பம்ப் வாய்ல ஸ்லாப் இறுகிடும், கோல்ட் ஜாயின்ட்னு (இறுகினதும் புதுசும் சரியா ஒட்டாத கோடு) ஒண்ணு வந்துச்சுன்னா இத்தன கணக்கும் வீண். ரெண்டு பாதியா பிரிச்சு நடுவுல ஜாயின்ட் வச்சுடலாமான்னு கேட்டாங்க. முதல் பாதி ஆறி சுருங்கி நின்னப்புறம் ரெண்டாவது பாதி ஊத்தினா, ரெண்டாவது சுருங்கும்போது முதல் பாதி அதப் புடிக்கும், ஜாயின்ட்டுக்கு செங்குத்தா விரிசல் வரும். ஒரே ஊத்தல்னு முடிவு பண்ணினோம், சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பம், ரெண்டு பிளான்ட்ல இருந்து வண்டி, ஒரு பம்ப் ஓட ஒண்ணு சும்மா நிக்கணும், காலைல வெயில் ஏறறதுக்குள்ள மேல் முகம் மூடி ஈரச் சாக்கு. ஒருவேளை உங்க சைட்ல அந்த அளவு வண்டி கிடைக்கவே கிடைக்காதுன்னா, அப்போ மட்டும் மூணாவது வழிய, கேப் வச்ச 300 ஸ்லாப, திரும்ப எடுத்துப் பாருங்க. கேப்ப தனியா முன்னாடியே ஊத்திட்டு மேல் ஸ்லாப் 106 கன மீட்டர் மட்டும் ஒரு மூச்சுல போடலாம். கோடை காலமா இருந்து, குழி நிக்கற மண்ணா இருந்தா.

டெஸ்ட் எப்படின்னு ஓனர் கேட்டார். மண்ணுக்கு மேல தெரியற சுவர்ல ஈரம் தெரியுதான்னு கண்ணால பார்த்துடலாம், தரைய பார்க்க முடியாது. அதனால தண்ணி நிரப்பி ஏழு நாள் கான்கிரீட் குடிக்க விட்டுட்டு, அடுத்த ஏழு நாள் மட்டம் எவ்வளவு இறங்குதுன்னு அளக்கணும், 20 மிமீக்குள்ள. 314 சதுர மீட்டர் பரப்புக்கு 20 மிமீன்னா ஆறாயிரத்து முந்நூறு லிட்டர், அது கொஞ்சம் இல்ல. மூடி போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினா வெயில் எவ்வளவு குடிக்குதுன்னு பிரிக்கத் தெரியாது, ஒரு வாய் அகலமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி அதே தொட்டில மிதக்க விட்டு அதோட மட்டத்தயும் சேர்த்து தினம் காலைல ஆறு மணிக்கு எழுதி வைங்க. நிரப்பறதும் ஒரே நாள்ல வேணாம், ஒண்ணரை மீட்டருக்கு ஒரு தடவ நிறுத்தி, சுவரைச் சுத்தி எட்டு இடத்துல லெவல் எடுத்துட்டு அடுத்த கட்டம். பைல் எப்படி இறங்குதுன்னு லோடு டெஸ்ட் ஒரு பைலுக்குத்தான் சொல்லுச்சு, 45-ம் சேர்ந்து எப்படி இறங்குதுன்னு இந்த நாலு நாள்தான் சொல்லும்.